பஸ் பாரில் ஆடுகிறவர்

“ஒங்கப்பா இந்நேரம் லயத்துல இருக்க மாட்டாரு. பஸ் பாருல ஆடிக்கிட்டு இருப்பாரு” என்றாள் பக்கத்து வீட்டு விஜயகலா, வாயைப் பொத்திச் சிரித்தபடி.

கொழும்பிலிருந்து தோட்டத்து லய வீட்டுக்கு வந்த ராகினி பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. மறுநாள் அம்மாவின் முதல் திவசம். வந்த ஆட்டோவிலேயே கஹவத்தை டவுனுக்குத் திரும்பினாள்.

உடைத்த பஸ் ஒன்றின் சீட்டுகளை அப்படியே வரிசையாகப் போட்டு, குமாரவேல் நடத்துகிற மலிவான பார் அது. தலைக்கு மேலே மணிக்கயிறு. இழுத்தால் கிளாஸ் வரும். நடுவழியில் நாலைந்து பேர் பைலாப் பாட்டுக்கு இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

“தங்கச்சி, பஸ் ஃபுல்லு. அடுத்த பஸ்ல வாங்க” என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

‘மதகுருமாருக்கு’ என்று ஒதுக்கி எழுதிய முன் சீட்டில் அப்பா கஜேந்திரன் உட்கார்ந்திருந்தார். ஆடுவதற்குத் தோதாகத் துண்டை இடுப்பில் கட்டியிருந்தார்.

“வெக்கமா இல்லையாப்பா? அம்மா கொரோனாவுல போனவங்க. பொட்டிய லயத்துக்குக் கொண்டாரவும் விடல, மொகத்தையும் காட்டல. நான் தனிமைப்படுத்தல் முகாம்ல கெடந்து அழுதேன். நீங்க இங்க ஆட்டம் போடுறீங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“நாளைக்குப் படையல்ல நீங்க கை வைக்கக் கூடாது. நானே பாத்துக்குறேன். இனிமே எனக்கு அப்பாவும் இல்லன்னு நெனச்சிக்கிறேன்.”

குமாரவேல் பக்கத்தில் வந்தார்.

“அண்ணன் பைலாவுக்கு ஆடுறதில்லீங்க தங்கச்சி. கொஞ்சம் நில்லுங்க.”

பாட்டை நிறுத்தினார். ஆடியவர்கள் நின்றார்கள். குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்தார்கள்.

தோட்டத்துச் சாவுகளுக்குத் தப்படிக்கிற வேலுசாமி, மேலிருந்த சாமான் தட்டிலிருந்து தன் தப்பை எடுத்தார். சாவு வீட்டு அடி மெதுவாகத் தொடங்கியது.

‘பஸ் ஃபுல்லு’ என்றவன் செருப்பைக் கழற்றினான். அவனோடு இன்னும் மூன்று பேர். இருவர் முன்னும் இருவர் பின்னுமாக, தோளில் எதையோ தாங்குவதுபோல் நின்றார்கள்.

அப்பா எழுந்து அவர்களுக்கு முன்னால் போனார். அப்போதுதான் மகளை நிமிர்ந்து பார்த்தார்.

“அம்மாவத் தூக்கப் போறோம் தாயி. நீ அந்தக் கதவு வரைக்கும் வா. அதுக்கு மேல பொம்பளைங்க வரக் கூடாது.”