சனிக்கிழமைச் செபக்கூட்டம்

சனிக்கிழமைகளில் செபக்கூட்டத்துக்கென்று போகும் றெஜினா, ஈரத் தலையோடு சுவிஸின் துன் நகரிலுள்ள வீட்டுக்குத் திரும்புவாள். காரில் கொண்டுவந்து விடுபவன் மலை மீட்புக் குழுவின் மார்க்குஸ். போன மாரியில் பனிச்சரிவுக்குள் புதைந்த அவள் கணவன் ஜெறாட்டைத் தோண்டியெடுத்தவனும் அவன்தான். உயிரைத் தந்தவன் மனைவியைப் பறிக்கிறானா என்று ஜெறாட்டுக்கு வயிறு எரிந்தது.

இன்று அவர்களின் காரைப் பின்தொடர்ந்து போனான். மலையில் மார்க்குஸ் ஒரு குழியைப் பனியால் மூடிக்கொண்டிருந்தான். றெஜினாவைக் காணவில்லை.

“என் மனைவி எங்கே?” என்று ஜெர்மன் மொழியான டொச்சில் கத்தினான் ஜெறாட்.

மார்க்குஸ் விசிலடித்தான். நாயொன்று பாய்ந்து வந்து பனியைப் பிறாண்டியது. உள்ளேயிருந்து சிரித்தபடி எழுந்த றெஜினா, கணவனைக் கண்டு திகைத்தாள்.

“அண்டைக்கு நீங்கள் புதைஞ்சு கிடக்கேக்க, எனக்குச் செபிக்க மட்டும்தான் ஏலுமாயிருந்தது. இந்த நாய் தேடிப் பழக, பனிக்குள்ள படுக்க ஆள் வேணுமாம். சொன்னால் விடமாட்டியள்.”

அவள் தலையில் இருந்த பனியைத் தட்டிவிட்டான் ஜெறாட்.

“வெளியில வாரும். அடுத்ததுக்கு நான் படுக்கிறன்.”