ஒரே லைன், இரண்டு உலை

மலேசியாவின் காஜா பெராங்கில் ஒரு வீட்டு மருமகள்கள் இருவருக்கும், செட்டிநாட்டு வழக்கப்படி, கல்யாணமானதுமே தனித்தனி உலை. பேச்சுவார்த்தையும் அறுந்துபோனது. இன்டர்நெட் லைன் மட்டும் ஒன்றுதான்.

மூத்தவள் உமையாளுக்கு ஒரே ஆறுதல், அரட்டை அறைத் தோழி தாமரை. குடும்ப மானத்துக்கு அஞ்சி, பெயரை மாற்றி, ஈப்போக்காரி என்று சொல்லிவைத்திருந்தாள்.

"என் ஓரகத்தி மீன் கழுவுன தண்ணியை என் வாசல்லயே ஊத்துறா. முகத்தைப் பார்த்தாலே குமட்டுது, தாமரை" என்று தட்டினாள்.

"எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்குக்கா. அழுக்குக் கையைத் திரைச்சீலையிலதான் துடைக்கும்."

"சீ! என்ன ஜென்மமோ!"

அதற்குள் திரை அப்படியே நின்றுவிட்டது. இளையவள் அன்னம் படம் இறக்குகிறாள்!

உமையாள் விடுவிடுவென்று ஹாலுக்குப் போய், அலமாரிக்குப் பின்னாலிருந்த ரவுட்டரில் அன்னத்தின் ஒயரை மட்டும் பிடுங்கி எறிந்தாள். கையில் அப்பிய கரித்தூசியைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"தாமரை, இருக்கியா?"

பதில் இல்லை. ஹாலில் அன்னத்தின் காலடிச் சத்தம் வந்து போனது. பிறகுதான் திரையில் எழுத்து ஓடியது.

"மன்னிச்சுக்குங்கக்கா, அந்தச் சனியன் என் ஒயரைப் பிடுங்கிடுச்சு. திரைச்சீலையில கறுப்பா அஞ்சு விரல் அப்பியிருக்கு."

உமையாள் தன் விரல்களைப் பார்த்தாள்.