வேதப்புத்தகத்துக்கு அடியில்

வெயில் கட்டில் விளிம்புவரை வந்துவிட்டது. வெளியூர் ஆஸ்பத்திரியில் மகளைப் பிரசவ ஆபரேஷனுக்குக் கொண்டுபோய் வெகுநேரமாகியும் மருமகனிடமிருந்து போனே இல்லை. அம்மா போனை வேதப்புத்தகத்துக்கு அடியில் வைத்து முழங்காற்படியிடுகிறாள். “ஆண்டவரே, இனி உம்ம பாடு” என்கிறாள். ஆமென் சொல்லி வாய் மூடுவதற்குள் புத்தகத்தைத் தூக்கிப் பார்க்கிறாள். மறுபடியும் முதலிலிருந்து ஜெபம். அப்பா தையல் மெஷினை நிறுத்திவிட்டு எரிந்துவிழுகிறார்: “அவர்கிட்ட ஒப்படைச்சாச்சுல்ல? அப்புறம் என்ன, உலையில போட்ட அரிசி மாதிரி தெறந்து தெறந்து பாக்குற?” “நீங்க பெத்திருந்தா தெரியும்” என்று வெடுக்கென எழுந்து அவள் முகம் கழுவப் போகிறாள். உள்ளே குழாய்ச் சத்தம் கேட்கிறது. அப்பா கழுத்தில் தொங்கும் டேப்போடு வந்து புத்தகத்தின் ஓரத்தை மெல்லத் தூக்குகிறார். திரை இருட்டாகவே இருக்கிறது. “உமக்கே இது நல்லாயிருக்கா?” என்று மேலே பார்த்துக் கேட்கிறார்.