சொல்லிக்கொண்டு போனவர்

கார்கள் திரும்பிப் போன புழுதி காட்டூர்ச் சந்தில் இன்னும் அடங்கவில்லை. சாமியானாவின் சிவப்புத் துணி வழியே இறங்கும் மத்தியான வெயிலில் எல்லார் முகமும் சிவந்திருக்கிறது. ஐஸ் பெட்டி இரைந்துகொண்டிருக்கிறது. உள்ளே பூவரசன், தலைவர் வருகிறார் என்று நேற்றுக் கொடிக்கம்பம் நட்டபோது அது மின்கம்பியில் உரசி, நின்ற இடத்திலேயே போய்விட்டவன். துக்கம் கேட்க வந்த தலைவருக்காக நாற்காலியில் விரித்த பூத்துவாலையை யாரும் எடுக்கவில்லை, அதில் உட்காரவும் இல்லை. அதன் காலடியில், அவர் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்த டீயில் ஆடை படிகிறது. “எவ்வளவு பெரிய வீட்டுப் பிள்ளை. அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாருங்க. பணத்திமிரு துளி கிடையாது,” என்கிறான் பூவரசனின் அம்மா ராசாத்தியின் தம்பி அடைக்கலம். “அழுதாரு. எந்திரிச்சுப் போறப்ப ‘போயிட்டு வரேம்மா’ன்னாரே, கேட்டியா? எழவு வீட்டுலேருந்து சொல்லிக்காம கெளம்பணும்னுகூடத் தெரியாம வளத்திருக்காங்க. தாத்தா காலத்துலேருந்து பதவி, பின்ன எப்படித் தெரியும்?” என்கிறாள் பக்கத்து வீட்டு அனுசுயா. “வெள்ளந்தியாச் சொல்லிட்டாரு, விடுங்க.” “வெள்ளந்தியா இருக்கவும் வசதி வேணும், தம்பி.” பேச்சு தடித்துக்கொண்டே போகிறது. பெட்டிக் கண்ணாடியில் படியும் ஈரத்தை ராசாத்தி முந்தானையால் துடைக்கிறாள். மகன் முகம் தெரிகிறது, மறுபடி மங்குகிறது. மறுபடி துடைக்கிறாள். “அவரு சொன்னா வந்துருவாரு,” என்கிறாள் தலை நிமிராமல். “நேத்துக் காலையில இவனும் அதையேதான் சொல்லிட்டுப் போனான்.”