அரைச் சுற்று

"உன் ஆளு வந்தாச்சு," என்றாள் பில் போடும் அக்கா, தலையைத் தூக்காமலே.

கண்ணாடிக் கடையின் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அவன் உள்ளே வந்தான். ஒரு கையில் மூக்குக் கண்ணாடி. மறு கையில், காதில் மாட்டும் அதன் கம்பி தனியாக.

இது நான்காவது தடவை.

"ஸ்க்ரூ கழண்டது கண்ணாடிக்கா ஆளுக்கான்னு கேளு. வேணும்னே திருகிட்டு வர்றாரு, பாத்துக்கோ."

பழுது பார்க்கும் மேஜையில் அவள் கருவிகளை எடுத்து வைத்தாள். அக்கா நினைப்பது தப்பு என்பது அவளுக்குத் தெரியும். அதை எப்படிச் சொல்வது?

முதல் தடவை அது தானாகத்தான் கழன்றது. பழுது பார்ப்பது அவள் வேலை. வலப்பக்கத் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தபோது, எதிரே வெறுங்கண்ணோடு உட்கார்ந்திருந்தவன் சொன்னான், இந்தக் கடையில் வெளிச்சம் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று.

யாரும் அவளிடம் வெளிச்சத்தைப் பற்றிப் பேசியதில்லை.

திருகாணியை முழுக்க முடுக்கிய கை, என்ன நினைத்ததோ, அரைச் சுற்று பின்னால் திருப்பியது. அரைச் சுற்று என்றால் ஒரு வாரம் தாங்கும். பேருந்தில் ஏறி இறங்கும் ஆளுக்கு அதற்குமேல் தாங்காது.

அடுத்த வாரமும் அதே அரைச் சுற்று.

கண்ணாடி இல்லாதபோதுதான் அவனுக்குப் பேச்சு வரும். எதிரே இருப்பவர்கள் எல்லோரும் புகையாகத் தெரிவதால் தைரியம் போலிருக்கிறது. ஒருமுறை, நீங்கள் மஞ்சளாகத் தெரிகிறீர்கள் என்றான். அது என் பின்னால் இருக்கும் விளக்கு என்று இவள் உளறிவைத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் அவன் வாயில் பூட்டு விழுந்துவிடும். நன்றி என்பதைக்கூட முனகிக்கொண்டே போய்விடுவான்.

போன வாரம் முதலாளி கவனித்துவிட்டார். இன்னொரு தடவை இந்தக் கண்ணாடி திரும்பி வந்தால் உன் கையைத்தான் சந்தேகப்பட வேண்டியிருக்கும் என்றார்.

அவள் பயந்துபோனாள். வெட்கமாகவும் இருந்தது. வருகிறவன் தானாக வரட்டும், கழன்ற கம்பிக்காக வருகிறவனை நம்பி என்ன கோட்டை கட்டுவது? வலப்பக்கத் திருகாணியை இறுக முடுக்கி, அதன் தலையில் ஒரு சொட்டுப் பசையும் வைத்தாள். அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

ஆகவே, இன்று அவன் வந்திருக்கவே கூடாது.

பசை வைத்தது எப்படிக் கழலும்?

எழுந்து பார்ப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். அவன் கையிலிருந்து எல்லாவற்றையும் வாங்கி, லென்ஸ் இரண்டையும் பெயர்த்தெடுத்து, ஃப்ரேமைக் கழிவுப் பெட்டியில் போட்டார்.

"இந்த மாடலே சரியில்ல தம்பி. திருகாணியே இல்லாத ஃப்ரேம் ஒண்ணு தர்றேன், காசு வேண்டாம். இனிமே இந்தப் பக்கம் வர்ற வேலையே இருக்காது."

வர்ற வேலையே இருக்காது. லென்ஸ்களை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அவள் பின்னறைக்குப் போனாள்.

புது ஃப்ரேமின் அளவுக்கு லென்ஸைத் தேய்க்கும் இயந்திரம் சன்னமாக முனகியது. சிறிது நேரத்தில் முடிகிற வேலை. அவள் அதை இழுத்தாள், துடைத்ததையே துடைத்தாள். லென்ஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது தெருவும் மரமும் சின்னதாகி, போகிறவர்கள் நீருக்கடியில் நடப்பதுபோல் ஓசையில்லாமல் நகர்ந்தார்கள்.

முதலாளி உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடியோடு அவள் பின்னறை வாசலுக்கு வந்தாள்.

அவன் பேசிக்கொண்டிருந்தான்.

மேஜைமேல், ஃப்ரேம்களை மாட்டிக் காட்டுவதற்காக ஒரு பிளாஸ்டிக் தலை இருக்கிறது. அதைப் பார்த்து, மிகவும் மரியாதையாக.

"ஞாயித்துக்கிழமை நீங்க கடை திறப்பீங்களா?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு மேஜைக்கடியில் எதையோ தேடினாள்.

"ஞாயிறு லீவு," என்றாள் இவள், பின்னாலிருந்து.

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "ஓ... எனக்கும் லீவுதான்."

அவள் கண்ணாடியை நீட்டினாள். அவன் மாட்டிக்கொண்டான். முதலில் பிளாஸ்டிக் தலையைப் பார்த்தான். பிறகு அவளை. காது இரண்டும் சிவந்துபோயின. பூட்டு விழுந்தது.

கதவு மெல்ல ஆடி நின்றது.

அவ்வளவுதான்.

சும்மா இருக்க முடியாமல் கழிவுப் பெட்டியிலிருந்து பழைய ஃப்ரேமை எடுத்தாள். வலப்பக்கக் கம்பியை ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. அவள் வைத்த பசை, வைத்தபடியே இறுகிக் கிடந்தது.

கழன்றிருந்தது இடப்பக்கம்.

அதை அவள் ஒருநாளும் தொட்டதில்லை. திருகாணி இருந்த குழியைச் சுற்றி, கத்தி முனையால் தடுமாறித் தடுமாறிக் கீறிய கோடுகள் இருந்தன. கருவி இல்லாதவன், பழக்கமில்லாதவன், வெகுநேரம் உட்கார்ந்து செய்த வேலை.

நிமிர்ந்தாள்.

எதிர்ப்பக்க நிறுத்தத்தில் பேருந்து வந்து, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனது. அவன் மட்டும் நின்றிருந்தான். பிறகு இரண்டு பக்கமும் பார்த்து, நிதானமாகத் தெருவைக் கடந்து வந்தான். கடைக் கதவின் கைப்பிடியில் கை வைத்தான். ஏதோ நினைத்துக்கொண்டு, புதுக் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அவள் பிளாஸ்டிக் தலையை எடுத்து மேஜைக்கடியில் வைத்துவிட்டு, அது இருந்த இடத்துக்கு நேராக வந்து நின்றாள்.