கம்பளிப்பூச்சிக் கணக்கு

"அந்த சிங்காரத்தோட சிலைடை யாரும் எண்ண வேணாம். நானே எண்ணிக்கிறேன்" என்று பெரிய டாக்டர் தேவநாதன் சொன்னபோதே, ஜூனியர் டாக்டர் வினோதினிக்குச் சந்தேகம் தட்டியது.

சிதம்பரத்து லேபில் அவள் சேர்ந்த நாளிலிருந்து காலையில் கேட்கிற சுப்ரபாதமே சிங்காரம்தான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பெரியவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர். சிங்காரத்தின் வீட்டு முருங்கை மரம் சுவரைத் தாண்டி இவர் பக்கம் சாய்ந்திருந்தது. அதிலிருந்து கம்பளிப்பூச்சி கொட்டும். நேராக இவர் காயப்போட்ட பனியனில் ஏறும்.

"மனுஷனாம்மா அவன்? மரத்த வெட்டுடான்னா, 'காய வேணா பறிச்சுக்குங்க சார்'ங்கறான்!"

முதுகைச் சொறிந்துகொண்டேதான் பெரியவர் தினமும் லேபுக்குள் நுழைவார்.

அந்தச் சிங்காரத்தின் குடலிலிருந்து எடுத்த கட்டிதான் இப்போது இங்கே வந்திருந்தது.

கட்டியின் டி.என்.ஏ. அளவை மெஷின் அளந்துவிட்டது, கோளாறு ஒன்றுமில்லை. பாக்கி, செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதுதான். கட்டியைச் சீவி ஒட்டிய கண்ணாடிச் சிலைடை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சும்மா இருக்கிற செல் நீலம், பெருகுகிற செல் பழுப்பு. நூற்றுக்கு எத்தனை பழுப்பு என்று எண்ண வேண்டும். இந்த வகைக் கட்டியில் அது மூன்றுக்குள் இருந்தால் நிம்மதி. தாண்டினால் மேற்கொண்டு வைத்தியம், அலைச்சல், அழுகை.

எண்ணி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். பெரியவர் நாள் கணக்காக எண்ணிக்கொண்டிருந்தார்.

சிங்காரத்தின் மனைவி சின்னம்மாள் போன் மேல் போன். "டாக்டரம்மா, ரிசல்ட்டு வந்துடுச்சுங்களா? அவுருக்கு சோறே எறங்கல. முருங்கக்கா சாம்பாரு வெச்சாக்கூட வாணாங்கறாரு."

"இன்னைக்கு வந்துடும்மா" என்று வினோதினி சொல்லி வைப்பாள். உள்ளே போய்ப் பார்த்தால், பெரியவர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, கையிலிருக்கிற கவுன்ட்டரை டிக் டிக்கென்று அமுக்கிக்கொண்டிருப்பார். டீ வந்தால் எண்ணிக்கை போய்விடும். தும்மினால் போய்விடும். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம்.

இதற்கு நடுவில் அவளுக்குப் பரீட்சை வேறு. பேர் தெரியாதபடி பிளாஸ்திரி ஒட்டிய சிலைடை நீட்டி, "இத எண்ணு பாப்போம்" என்றார். நேற்று ஒன்று, இன்று காலை ஒன்று. இரண்டுக்குமே நூற்றுக்கு இரண்டு என்று சொன்னாள். "நெசமாவா?" என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போனார். அங்கே ஒரு மனுஷன் தவிக்கிறான், இவர் எனக்கு டியூஷன் எடுக்கிறாரா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மத்தியானம் சின்னம்மாள் போனிலேயே அழுதுவிட்டாள். பொறுத்தது போதும் என்று வினோதினி உள்ளே நுழைந்தாள்.

"சார், ஒரு முருங்க மரத்துக்காக ஒரு மனுஷன இப்படி வதைக்கலாமா?"

"அய்யய்யோ, கத்தாதம்மா! எண்ணிக்க போச்சு."

"போவட்டும் சார்! உங்க பனியன்ல பூச்சி ஏறினதுக்கு அந்தாளு பட்டினி கெடக்கணுமா?"

பெரியவர் கவுன்ட்டரைக் கீழே வைத்தார். மைக்ராஸ்கோப்பிலிருந்த சிலைடை எடுத்து அவளிடம் கொடுத்தார். ஓரத்தில் சிங்காரம் என்று பேர். பேருக்கு மேல் பாதி உரிந்த பிளாஸ்திரி. காலையில் அவள் எண்ணிய அதே சிலைடு!

"நேத்து குடுத்ததும் இதேதான். வேற பிளாஸ்திரி."

"அப்ப நல்ல ரிசல்ட்டுதானே சார்? நேத்தே சொல்லியிருக்கலாமே!"

"எனக்கு ஒவ்வொரு தடவையும் நாலு வருதேம்மா!" பெரியவரின் குரல் இறங்கிவிட்டது. "பழுப்பா நீலமான்னு சந்தேகமா கொஞ்சம் செல்லு நிக்குது பாரு, அவன் பேரப் படிச்சுட்டுப் பாத்தா அதெல்லாம் எனக்குக் கம்பளிப்பூச்சியாவே தெரியுது. என் கோவத்துல ஒரு செல்லு ஜாஸ்தியா எண்ணிட்டா, பாவம், அவன் என்ன ஆவறது? அதான் பேர் தெரியாத உன் கண்ணால பாக்கச் சொன்னேன். புதுச்சேரியில ஃப்ரெண்டு ஒருத்தனுக்கும் பேர் போடாம போட்டோ அனுப்பியிருந்தேன். இப்பதான் போன் பண்ணான். அவனுக்கும் ரெண்டுதான்."

வினோதினிக்குக் கண் கலங்கிவிட்டது. என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

"இப்பவே அந்தம்மாவுக்குப் போன் பண்றேன் சார். நீங்க பட்ட பாட்டையும் சொல்றேன்."

"ரிசல்ட்ட மட்டும் சொல்லு! ரிப்போர்ட்ல நீயே கையெழுத்துப் போடு. நான் பாத்தேன்னு மூச்சு விட்றாத." பெரியவர் பதறிப்போய் முதுகைச் சொறிந்தார். "தெரிஞ்சா கூடை நெறைய முருங்கக்காயோட நன்றி சொல்ல வந்து நிப்பான். அப்புறம் அந்த மரத்த வெட்டச் சொல்லி நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சண்ட போடறது?"