சந்துப் பக்கத்துச் சிவப்பு வாளி

“அந்த ஆள் வீட்டுல ஒரு பொம்பளை இருக்கா சார். அடிச்சுச் சொல்றேன்.”

தெய்வசிகாமணி குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார். பால் பாக்கெட்டோடு வந்த சுப்பிரமணியனும், ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்த பிரேம்குமாரும் கிட்டே வந்துவிட்டார்கள்.

“யார் வீட்டுல?”

“எதிர் வீட்டு சவரிராயன் வீட்டுல.”

இரண்டு பேருமே நம்பவில்லை. சவரிராயனுக்கு அறுபது தாண்டிவிட்டது. தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி ஸ்டெல்லாமேரி போய்ச் சேர்ந்த பிறகு, லாஸ்பேட்டையில் அதே வாடகை வீட்டில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டு, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போய் வருகிற மனுஷன்.

“எதை வெச்சுச் சொல்றீங்க?”

“குப்பையை வெச்சுத்தான். நேத்து குப்பை வண்டி வந்தப்ப, அவர் குடுத்ததுல ஒரு பையை மட்டும் வண்டிக்கார அம்மா தனிக் கூடையில போட்டுச்சு. என்னன்னு கேட்டேன். ‘பொம்பளைங்க நாப்கின் சார். ரொம்ப நாளா குடுத்துக்கிட்டுதான் இருக்காரு’ங்குது. சந்துப் பக்கம் அதுக்குன்னே மூடி போட்ட சிவப்பு வாளி வெச்சிருக்கார். நீங்களே போய்ப் பாருங்க.”

போய்ப் பார்த்தார்கள். வாளி இருந்தது.

“குடும்பம் குட்டி இருக்கிற தெருவுல…” என்று சுப்பிரமணியன் இழுத்தார்.

தெய்வசிகாமணிக்கு ஒன்று மனசில் பட்டால் அது தப்பாகவே போகாது. ஆபீசிலும் சரி, வீட்டிலும் சரி. அவர் அப்படித்தான் நினைத்திருந்தார்.

சர்ச்சிலிருந்து சவரிராயன் திரும்பி வந்ததும் மூன்று பேருமாக அவர் வாசலில் போய் நின்றார்கள்.

“வாங்க சார், வாங்க. காபி போடட்டுமா?”

“காபியெல்லாம் வேணாம். வீட்டுல யார் இருக்காங்க?”

“நான் மட்டும்தான்.”

“அப்ப சந்துல வாளி யாருக்கு?”

சவரிராயன் முகம் மாறிவிட்டது. கதவை அகலத் திறந்துவிட்டார்.

“உள்ள வந்து பாத்துக்குங்க.”

பிரேம்குமார் எட்டிப் பார்த்துவிட்டு, யாரும் இல்லையென்று தலையாட்டினான்.

“இப்ப இல்ல. வந்துட்டுப் போறாங்கபோல” என்றார் தெய்வசிகாமணி. “வாளியில கெடக்கிறது யாருது? அதை மட்டும் சொல்லுங்க, போயிடறோம்.”

“அதை நான் சொல்ல முடியாது சார்.”

“பாத்தீங்களா!” என்று மற்ற இருவரையும் பார்த்தார். “என் வீட்டுலயும் பொண்டாட்டி இருக்கா. காலேஜ் போற பொண்ணு இருக்கா. தினம் குப்பையை நான்தான் எடுத்துக் குடுக்கறேன். அந்தக் கருமம் எங்க தொட்டியில ஒரு நாள் இருந்திருக்குமா? சாமி கும்பிடற வீட்டுல அதெல்லாம் என் கண்ணுல படக் கூடாதுன்னு ஸ்ட்ரிக்டா சொல்லி வெச்சிருக்கேன்.”

சவரிராயன் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஒண்ணு, யாருன்னு சொல்லுங்க. இல்ல, ஓனருக்கு இப்பவே போன் போடறேன். வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டே இருங்க.”

மனைவியோடு குடி வந்த வீடு. அவள் கடைசி வரைக்கும் படுத்துக் கிடந்ததும் அங்கேதான். சவரிராயன் ஒரு தடவை உள்ளே திரும்பிப் பார்த்தார்.

“காலி பண்ணிடறேன் சார். மாசக் கடைசி வரைக்கும் டைம் குடுங்க.”

தெய்வசிகாமணிக்கே சப்பென்று போய்விட்டது. மனுஷன் கெஞ்சுவார், மழுப்புவார் என்று எதிர்பார்த்திருந்தார். இருந்தாலும் போனை எடுத்து ஓனர் நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

“போனை உள்ள வைங்க.”

அவர் மனைவி அமுதவல்லி கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது.

“நீ எதுக்கு வந்தே? இது ஆம்பளைங்க விஷயம். வீட்டுக்குப் போ.”

“இதுவா ஆம்பளைங்க விஷயம்?”

சவரிராயன் பதறிப்போனார். “அமுதா, நீ போம்மா. நான் பாத்துக்கறேன்.”

“நீங்க சும்மா இருங்கண்ணே. நீங்க எதுக்குக் காலி பண்ணணும்?” என்றவள் கணவர் பக்கம் திரும்பினாள். “வாளிதானே உங்களுக்குப் பிரச்சினை? அதைத் தூக்கிட்டு வந்து நம்ம வாசல்ல வெச்சுக்கறேன்.”

“பைத்தியம் பிடிச்சிருக்கா உனக்கு? எவ குப்பையோ நம்ம வாசலுக்கா?”

அமுதவல்லி நிதானமாகத்தான் பேசினாள்.

“மழைக்காலத்துல ஒரு நாள் நம்ம பொண்ணு சுடர்விழி கையில ஒரு பொட்டலத்தோட காலி மனைக்குப் போனா. நாய்ங்க சூழ்ந்துக்கிச்சு. அண்ணன்தான் ஓடிப் போய் வெரட்டினாரு. பொட்டலத்துல என்னன்னு ஒரு வார்த்தை கேக்கல. மறுநாள் இந்த வாளி சந்துல இருந்துச்சு. யார் வந்து போடறாங்கன்னு பாக்கக் கூடாதுன்னு சந்துப் பக்கத்து ஜன்னலை அன்னிக்குச் சாத்தினவருதான், இன்னும் தொறக்கல.”

தெய்வசிகாமணியின் கையில் போன் அப்படியே நின்றது.

“அப்ப… அதுல இருக்கிறதெல்லாம்…?”

“லட்சுமியக்கா போடறாங்க. சிவசங்கரி போடறா.”

சுப்பிரமணியனும் பிரேம்குமாரும் சட்டென்று அவரவர் வீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். சுப்பிரமணியன் மனைவி லட்சுமி வாசலில்தான் நின்றிருந்தாள். பிரேம்குமார் மனைவி சிவசங்கரி மாடியில் நின்றிருந்தாள். இரண்டு பேரும் உள்ளே போகவில்லை.

அமுதவல்லி சந்துக்குள் போய் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“வழி விடுங்க. இதுல பாதி நம்மளுதுதான்.”